இலவசக் குளிசையும் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பலகையும்: மலேரியாக் கந்தோர் அனுபவம்

சாப்பாட்டுக் கடைக்கும் போன் கடைக்கும் தான் எல்லோரும் நட்சத்திரம் போடுகிறார்கள். அரசாங்கக் கந்தோருக்கு யாரும் போடுவதில்லை, போட்டாலும் கோபத்தில் ஒன்று போட்டுவிட்டுப் போவார்கள். நான் எங்கள் பக்கத்து மலேரியாக் கந்தோருக்கு, அதாவது அரசாங்கத்தின் மலேரியாத் தடை இயக்கத்தின் கிளைக்கு, 5க்கு 4 போடுகிறேன். மிச்சம் ஒன்றை ஏன் வெட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் இப்படி ஒரு கந்தோர் இருக்கிறது, நான் போனது எது என்று எழுதவில்லை, அங்கே இருக்கிறவர்கள் நல்ல மனிதர்கள், பலகைக்காக அவர்களுக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வரக்கூடாது.

நான் ஏ9 வீதி ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். சிறிய அரிசி மில் மெசின்களைப் பொருத்துவது, றப்பர் ரோலர் மாற்றுவது, சல்லடை அடிப்பது, இது தான் தொழில். கொழும்பில் ஒரு ஏற்றுமதிக்காரர் மூலம் உகண்டாவுக்கு மெசின் போகத் தொடங்கியது, மெசின் போனால் பின்னால் பொருத்துகிற ஆளும் போக வேண்டும். அப்படித்தான் 2018 ஒக்ரோபரில் முதல் முறை எண்டெபேயில் போய் இறங்கினேன். கிழக்கு உகண்டாவில் புத்தலேஜா என்று ஒரு மாவட்டம், அங்கே தோஹோ என்று பெரிய நெற்செய்கைத் திட்டம், மனாஃப்வா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள். வாய்க்கால் கட்டில் நின்று பார்த்தால் எங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கீழே நிற்பது போலவே இருக்கும். அதே சேற்று மணம், அதே கொக்கு, பொழுதுபட்டதும் அதே தவளைச் சத்தம். நுளம்பும் அப்படித்தான், ஆனால் அதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

போவதற்கு முன் என்ன ஆயத்தம் செய்தேன் என்று கேட்டால், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டேன். உகண்டாவுக்கு அது இல்லாமல் போக முடியாது, பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுவார்கள், போட்டு 10 நாள் கழிந்தால் தான் அட்டை செல்லுபடியாகும். டிக்கெட் போட்டுத் தந்த ஆள் விசா, அட்டை, டொலர் மூன்றையும் தான் சொன்னார். அதோடு எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது, ஆபிரிக்கக் காய்ச்சலுக்கு ஊசி போட்டாச்சு, இனி என்ன பயம் என்று. இதே நினைப்போடு திரிகிற வேறு எத்தனையோ பேரைப் பிறகு சந்தித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: மஞ்சள் காய்ச்சல் வேறு, மலேரியா வேறு. முதலாவது வைரஸ், ஊசி இருக்கிறது. இரண்டாவது இரத்தத்துக்குள் புகுந்து பெருகுகிற ஒட்டுண்ணி, எங்களைப் போல் வேலைக்குப் போய் வருகிற பெரியவர்களுக்கு அதற்கு ஊசி கிடையாது. இப்போது ஆபிரிக்காவில் போடத் தொடங்கியிருக்கும் மலேரியா ஊசிகள் அங்கத்தைய சின்னப் பிள்ளைகளுக்கானவை. எங்களுக்கு இருப்பது குளிசையும் வலையும் தான்.

அங்கே நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். பகலில் நல்ல சப்பாத்து, நீளக் காற்சட்டை, எல்லாம் ஒழுங்கு. பொழுதுபட்ட பிறகு குளித்துவிட்டுச் சாரமும் பெனியனுமாக வெளியே கதிரை போட்டு இருந்து, மில் முதலாளியோடு விலை பேசிக்கொண்டு, சப்பாத்தியில் முட்டை சுருட்டித் தருகிற 'ரோலெக்ஸ்' என்ற சாமானைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். மலேரியா நுளம்பு கடிப்பது பொழுதுபடத் தொடங்கி விடியும் வரை. எங்களுக்கு இந்தப் பத்துப் பதினைந்து வருடமாக டெங்குவைப் பற்றித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள், அது பகலில் கடிக்கிற நுளம்பு, அதனால் இரவைப் பற்றிய பயமே விட்டுப்போய்விட்டது. தங்கிய லொட்ஜில் வலை இருந்தது. அதில் என் கை புகுகிற அளவில் நாலு ஓட்டை. நான் அதைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுக் காற்றாடியைப் போட்டுப் படுத்தேன், இரவு 2 மணிக்குக் கரண்ட் போய்விடும்.

அங்கத்தைய வேலைக்காரர்கள் மலேரியாவைத் தடிமன் போலத்தான் சொல்வார்கள். இரண்டு நாள் வேலைக்கு வரமாட்டார்கள், கேட்டால் "மலேரியா தான்" என்று சிரிப்பார்கள், பெட்டிக் கடையிலேயே குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் மூட்டை தூக்குவார்கள். அதைப் பார்த்து எனக்கும் இது பெரிய விஷயமில்லை என்று பட்டது. அவர்கள் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் கடி வாங்கி ஓரளவு தாங்குகிற உடம்போடு இருக்கிறார்கள், அந்தத் தாங்கும் சக்தி வருவதற்குள் எத்தனை பிள்ளைகள் செத்துப்போகின்றன என்பது வேறு கதை. 2022இல் உலகம் முழுக்க 608,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது, 100க்கு 95 பேர் ஆபிரிக்காவில், அவர்களில் பெரும்பகுதி 5 வயதுக்குக் கீழே. எனக்குள் இருந்த இன்னொரு தைரியம், நான் வன்னிப் பெடியன், 90களில் இரண்டு தரம் மலேரியா வந்து எழும்பியவன், என்னை இது என்ன செய்யும் என்பது. அந்தப் பழைய பலம் எல்லாம் கடி நின்ற சில வருடங்களிலேயே கரைந்துவிடுமாம். இதைக் கந்தோரில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் நடுப்பகுதியில் திரும்பி வந்தேன். வந்து பத்தாம் நாள் காய்ச்சல். வெளியே மாரி மழை, ஊரெல்லாம் டெங்கு. டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன், பெயர் வேண்டாம். டெங்குப் பரிசோதனை எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஆனால் பிளேட்லெட் குறைந்திருந்தது, அதனால் டெங்கு மாதிரித்தான் இருக்கு, பனடோல் போடுங்கோ, இளநீர் குடியுங்கோ, நாளைக்கு வாங்கோ என்றார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். என்னிடம் யாரும் எங்கே போய் வந்தாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆபிரிக்கா போய் வந்ததைச் சொன்னால் பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் எனக்கு. இரண்டு நாள் இளநீரில் போனது.

கண்டுபிடித்தது என் மாமி. பின்னேரம் 4 மணிக்கு எனக்குக் குளிர் தொடங்கியது, கட்டில் ஆடுகிற குளிர், மூன்று போர்வை போட்டும் பல் கிட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் உடம்பு அனலாய்க் கொதித்து, பிறகு தலையணை நனைய வேர்த்தது. மாமி இஞ்சித் தேத்தண்ணியோடு வந்து கால்மாட்டில் நின்று பார்த்தா, பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, உது டெங்கு இல்லை. உது பழைய குளிர்."

அவவுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். 96இல் இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தபோது ஒரே வருடத்தில் ஏழு தரம் வந்ததாம். அந்தக் காலத்து வன்னியில் மலேரியா வராத வீட்டுக்கு யாரும் சம்பந்தம் பேசமாட்டார்கள் என்று பகிடி சொல்வார்கள், அந்த வீட்டில் ஆட்களே இல்லை என்று அர்த்தமாம். மருந்துக்குத் தடை, குளோரோக்குயின் கசப்பை நாக்கில் வைத்தே குளிசை அசலா போலியா என்று சொல்லுகிற ஆட்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இன்று 25 வயதுப் பெடியனிடம் மலேரியா என்றால் பாடப்புத்தகத்தில் படித்தோம் என்கிறான். அது நல்ல செய்தி தான். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு நாட்டுக்குள்ளேயே தொற்றி வந்த மலேரியா என்று ஒன்று நிலைக்கவில்லை, 2016 செப்டம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஆனால் இப்போது வருகிற மலேரியா எல்லாம் என்னைப் போல ஆட்களின் இரத்தத்தில் விமானம் ஏறி வருகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 60 பேர். மாணிக்கக் கல் வாங்க மடகஸ்காருக்கும் மொசாம்பிக்குக்கும் போகிறவர்கள், கட்டட வேலை, மெசின் வேலை, ஐ.நா. அமைதிப் படைக்குப் போய் வருகிற சிப்பாய்கள், இந்தியாவுக்கு யாத்திரையும் வியாபாரமும் போகிறவர்கள்.

மாமி சொன்ன இரவே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்ட்டில் சின்ன வயது டொக்டர் பிள்ளை ஒன்று கேட்ட முதல் கேள்வி, "கிட்டடியில வெளிநாடு ஏதும் போனனீங்களோ?" அந்த ஒரு கேள்வி எனக்குக் கிளினிக்கில் எத்தனை ஆயிரம் கட்டியும் கிடைக்கவில்லை. விரல் நுனியில் குத்தி இரண்டு துளி கண்ணாடித் தட்டில் எடுத்தார்கள், ஒன்று தடிப்பாக, ஒன்று மெல்லியதாக. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. ஃபல்சிபாரம், அதாவது ஆளைக் கொல்லுகிற வகை.

இனி மலேரியாக் கந்தோர் உள்ளே வருகிறது. விடிவதற்குள் அவர்களுடைய ஆள் ஒருவர் என் கட்டிலடியில். மருந்தைக் கொண்டு வந்ததும் அவர்கள் தான், ஏனென்றால் மலேரியாவுக்கான மருந்து இலங்கையில் பாமசிகளில் விற்பதில்லை, மலேரியாத் தடை இயக்கத்தின் கையில் தான் இருக்கிறது. ஆர்டிமீதர்-லூமிஃபன்ட்ரீன் என்ற கூட்டுக் குளிசை, மூன்று நாளில் ஆறு வேளை. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்பு வேண்டும் என்று பாலும் முட்டையும் சாப்பிட வைத்துவிட்டுத் தந்தார்கள். கூடவே பிரிமாகுயின் ஒரு வேளை, என்னைக் கடிக்கிற நுளம்புக்கு என்னிடமிருந்து நோய் போகாமல் இருப்பதற்காம். இரண்டாம் நாளே குளிர் நின்றது. செலவு ஒரு சதமும் இல்லை.

நான் வார்ட்டில் கிடக்க, வீட்டில் வேறு கூத்து. வெளிக்கள உத்தியோகத்தர்கள் வந்து வீட்டாருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இரத்தம் குத்தி எடுத்து, கிணற்றுக்குள் வலைக் கரண்டி விட்டு நுளம்புக் குடம்பி தேடி, தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறிப் பார்த்து, இரவில் நுளம்பு பிடிக்கவும் வந்திருக்கிறார்கள். பக்கத்து வளவு அண்ணைக்குப் பெரிய மனக்கஷ்டம், "உகண்டா போனது நீர், எட்டிப் பார்க்கிறது என்ரை கிணத்தையோ?" என்று ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. அவருக்கு நான் பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். பழைய காலத்து மலேரியாவைப் பரப்பியது ஓடை மணற்குழிகளில் பெருகுகிற நுளம்பு. 2016 கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீஃபன்சை என்ற வேறொரு நுளம்பைக் கண்டுபிடித்தார்கள், இது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டை போடும், டவுனில் வாழும், இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இது தான். நுளம்பு இங்கே இருக்கிறது, நோய் இல்லை. நோயை நான் கொண்டு வந்துவிட்டேன். இரண்டும் சந்திக்காமல் பார்ப்பது தான் அவர்களுடைய வேலை. 1963இல் நாடு முழுக்க 17 மலேரியா நோயாளர் தான் இருந்தார்கள், இனி முடிந்தது என்று கையைக் கழுவினார்கள், 1969இல் 5 லட்சத்துக்கு மேல் போனது. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு தான் அண்ணை கிணற்றுக்கு மூடி போட்டார்.

சேவை என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன். மருந்து முடிந்த பிறகும் 7, 14, 21, 28 என்று கிழமைக்குக் கிழமை இரத்தம் பார்க்க வேண்டும். எனக்கு 28ஆம் நாள் வந்தபோது டிசம்பர் கடைசி, இரணைமடுக் கதவெல்லாம் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த நேரம். எங்கள் ஒழுங்கையில் முழங்காலுக்கு மேலே தண்ணீர். இனி யார் வரப் போகிறார்கள் என்று இருந்தேன். அந்த மனிசன் மோட்டார் சைக்கிளை றோட்டில் விட்டுவிட்டு, கண்ணாடித் தட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வந்து, விரலைத் தாருங்கோ என்றார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

இரண்டாம் பயணம் 2024 மார்ச். அதே புத்தலேஜா, 20 நாள் வேலை, அது அங்கே மழைக்காலம் தொடங்குகிற நேரம் வேறு. இந்த முறை டிக்கெட் போடுவதற்கு முன்பே கந்தோருக்குப் போனேன். போகும் முன் தருகிற தடுப்புக் குளிசையும் இலவசம் என்பது முதல் முறை போகும்போது எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்து தான் தெரிந்தது. கட்டிய காசு பஸ்சுக்கு மட்டும்.

வெட்டின நட்சத்திரத்துக்கு வருகிறேன். முதலாவது, கந்தோரைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம். பலகை இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு வேப்பமரமும் இருக்கிறது, மரம் வளர்ந்துவிட்டது, பலகை அப்படியே. வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியிடம் கேட்டால் "மலேரியா தான் இப்ப இல்லையே அண்ணை, பிறகேன் ஒபிஸ்?" என்றான், சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானது தான். இரண்டாவது, தமிழ்த் துண்டுப்பிரசுரம் முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் ஒன்று தந்தார்கள், பொறுப்பாக இருந்த அக்கா பேனையால் ஓரத்தில் தமிழில் எழுதித் தந்தா, அது அச்சடித்ததைவிட விளக்கமாக இருந்தது என்பது வேறு. மூன்றாவது, கிழமை நாள், கந்தோர் நேரம், அவ்வளவு தான். வியாபாரக்காரனுக்கு வெள்ளி இரவு போன் வரும், திங்கள் காலை பறக்க வேண்டும், அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். கொழும்பில் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் தலைமையகம் இருக்கிறது, போகிற வழியில் அங்கேயும் எடுக்கலாம் என்றா.

உள்ளே போன பிறகு குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடவுச்சீட்டையும் பயணத் திட்டத்தையும் காட்டினேன். எந்த ஊர், டவுனா கிராமமா, எத்தினை நாள் நிக்கப் போறியள், எங்கே படுக்கை, பொழுதுபட்ட பிறகு வெளியில வேலை இருக்கோ, இப்படி ஒரு அரை மணித்தியாலம். அதன் பிறகு உடம்பைப் பற்றி. வலிப்பு வந்ததா, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தீர்களா, இதயத் துடிப்பில் குறை ஏதும் சொன்னார்களா, இரவில் நித்திரை எப்படி. எனக்கு இது வேண்டாத கேள்வியாகப் பட்டது, மலேரியாவுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மெஃப்ளோகுயின் என்ற குளிசை சிலருக்குப் பதற்றம், தலைச்சுற்று, பயங்கரக் கனவு எல்லாம் தரும், மனநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுத்தவர்களுக்குக் கொடுக்கவே மாட்டோம் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் போரைக் கண்ட எத்தனை பேர் நித்திரைக் குளிசையில் ஓடுகிறார்கள், யாரும் வெளியில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அதனால் இதை இங்கே எழுதுகிறேன்.

மற்ற வழி டொக்ஸிசைக்ளின். தினமும் ஒன்று, போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கினால் போதும், அவசரமாகப் போகிறவனுக்கு அது வசதி. ஆனால் வெயிலில் தோல் எரியும், நெஞ்சுக்குள்ளும் எரியும், நிறையத் தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே படுக்கக்கூடாது, திரும்பி வந்த பிறகும் 4 கிழமை தினமும். நான் பகல் முழுக்க வெட்டவெளியில் நிற்கிறவன், கேஸ்ட்ரிக்கும் இருக்கிறது. அடோவாகுயோன்-புரோகுவானில் என்று ஒன்றும் இருக்கிறது, தினமும் போட்டுத் திரும்பி வந்து 7 நாளில் நிறுத்தலாம், வெளிநாட்டில் வியாபாரக்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள், வெளியில் வாங்கினால் விலை கடிக்கும். குளோரோக்குயின் தரமாட்டீர்களா என்று மாமி கேட்கச் சொன்னதைக் கேட்டேன், ஆபிரிக்காவில் அதற்குக் கட்டுப்படாத ஃபல்சிபாரம் தான் அதிகம் என்றார்கள். கடைசியில் எனக்கு மெஃப்ளோகுயின், கிழமைக்கு ஒன்று. போவதற்கு மூன்று கிழமை முன் தொடங்க வேண்டும், பக்கவிளைவு வந்தால் இங்கேயே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக. முன்னே 3, அங்கே 3, திரும்பி வந்து 4, ஆக 10 குளிசை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டேன், மறக்க முடியாது. கனவு வந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டாவது குளிசை போட்ட இரவு, இரணைமடுக் கதவு ஒவ்வொன்றாகத் திறக்கிறது, தண்ணீருக்குப் பதில் நெல் வருகிறது, நான் அதைக் குத்த மில் இல்லாமல் ஓடுகிறேன். விடிய எழும்பி மனைவிக்குச் சொன்னால் அவ மில்லுக்கு வாங்கின கடனைப் பற்றிக் கேட்கிறா. அதுக்கு மேலே ஒன்றும் இல்லை, வேறு ஒருவருக்கு இது தாங்காமல் டொக்ஸிக்கு மாற்றினார்களாம்.

சாமான்களைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. சந்தையில் வாங்கின வட்ட வலை நல்லது, ஒரு கொளுக்கி போதும், ஆனால் லொட்ஜ் கூரையில் அந்தக் கொளுக்கி இருக்காது, பத்து முழம் நைலோன் கயிறு கொண்டு போங்கோ. வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகாமல் தொங்கவிட்டால் நுளம்பை உள்ளே விட்டுப் பூட்டின மாதிரி. செருகியில் போடுகிற நுளம்புத் திரவம் கரண்ட் போனால் குப்பை. இங்கே பாமசியில் வாங்கிய வாசனைக் கிரீம் ஒரு மணித்தியாலம் கூட நிற்கவில்லை, டீட் என்ற நுளம்பு விரட்டி மருந்து 20 வீதத்துக்கு மேலே இருக்கிறதா என்று போத்தலில் பார்த்து வாங்க வேண்டும், அது தான் வேலை செய்தது, என்ன, என் மணிக்கூட்டின் பிளாஸ்ரிக் வாரை உருக்கிவிட்டது. பொழுதுபட முதல் நீளக் கை சேட்டு, சப்பாத்துக்கு மேலே சொக்ஸ். மில் முதலாளி சிரித்தார். சிரிக்கட்டும்.

குளிசை போட்டால் மலேரியா வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை, கந்தோரிலும் சொல்லவில்லை. வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் என்றால் எந்த டொக்டராக இருந்தாலும் கேட்காமலே நீங்களாகச் சொல்ல வேண்டும், உகண்டா போனேன், மலேரியா பாருங்கோ என்று. ஃபல்சிபாரம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் காட்டிவிடும். இந்தியாவில் அதிகம் இருக்கிற வைவாக்ஸ் என்ற வகை ஈரலுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்து கிடந்துவிட்டு எழும்பும், சென்னைக்குப் புடைவை எடுக்கப் போய் வருகிற கடைக்காரர்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும், அவர்கள் யாரும் தங்களை வெளிநாடு போனவர்களாகவே நினைப்பதில்லை. 2023இல் ஆபிரிக்கா போய் வந்த ஒருவர் இங்கே மலேரியாவால் இறந்தார், அதற்கு முன் பல வருடங்கள் இந்த நாட்டில் அப்படி ஒரு சாவு இல்லை. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு அந்த இரண்டு இளநீர் நாட்கள் தான் ஞாபகம் வந்தன.

இந்த முறை காய்ச்சல் இல்லை. திரும்பி வந்த கிழமை, நண்பன் ஒருவன் பட்டறைக்கு வந்தான், அவனுடைய மச்சான் மொசாம்பிக்குக்குக் கல் பார்க்கப் போகிறானாம், அடுத்த செவ்வாய் பயணம். "நீ தான் வந்திட்டியே, மிச்சக் குளிசை நாலு கிடக்காம், அதைக் குடன்" என்றான். அந்த நாலும் எனக்கு இன்னும் நாலு வெள்ளிக்கிழமை, ஒட்டுண்ணி உடம்பில் இருந்தால் அதை முடிக்கிறதே அது தான் என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள் கிடக்கு, டொக்ஸிக்கு நேரம் காணும், கடவுச்சீட்டோடு மச்சானை நாளைக்குக் காலமை அனுப்பு என்று பழைய பில்லின் பின்பக்கத்தில் வழி கீறிக் கொடுத்தேன்: ஆஸ்பத்திரி வளவுக்குள் போய், மருந்து குடுக்கிற இடத்தைத் தாண்டி, சைக்கிள் கொட்டிலுக்கு இடப்பக்கம் பெரிய வேப்பமரம், மரத்துக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு. பலகையைத் தேட வேண்டாம்.